ஆப்பிளை நிறத்தால் உருட்டுவது: செசான் வழியில் முதல் ஸ்டில் லைஃப்

பள்ளி ஓவிய வகுப்பில் ஆப்பிள் வரையாதவர்கள் குறைவு. வட்டம் போடு, ஒரு பக்கம் பென்சிலால் கறுப்பாகத் தேய், எதிர்ப்பக்கம் கொஞ்சம் வெள்ளை விடு. உருண்டை வந்துவிடும். அப்புறம் வண்ணத்துக்கு மாறும்போதும் அதே பழக்கம் கூடவே வருகிறது. சிவப்பைப் பூசி, நிழல் பக்கத்துக்குச் சிவப்போடு கறுப்பையும், வெளிச்சப் பக்கத்துக்குச் சிவப்போடு வெள்ளையையும் கலந்து முடிக்கிறோம். உருண்டை கிடைக்கிறது, ஆனால் நிறம் போய்விடுகிறது. நிழல் அழுக்காகத் தெரிகிறது, வெளிச்சம் வெளிறித் தெரிகிறது.

பால் செசான் (1839–1906) இதற்கு வேறொரு வழி கண்டார். தெற்கு பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் என்ற ஊரில் பிறந்து, அங்கேயே இறந்தவர். வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஆப்பிள் வரைந்தார். அவருடைய ஆப்பிள் உருண்டையாக இருப்பதற்குக் காரணம் கருமையும் வெண்மையும் அல்ல, நிறம் படிப்படியாக மாறுவதுதான். மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, அதிலிருந்து சிவப்பு, பிறகு ஊதா, பிறகு நீலம் என்று நிறம் மாறிக்கொண்டே போகும்போது பழத்தின் பரப்பு நம்மை விட்டு விலகித் திரும்புகிறது. பழம், துணி, பாட்டில் என அசையாத பொருட்களை அடுக்கிவைத்து வரையும் ‘ஸ்டில் லைஃப்’ ஓவியத்தில் இந்த ஒரே விஷயத்தைக் கையில் பிடிப்பதற்கான வழிகாட்டிதான் இந்தக் கட்டுரை. பிரஷ் பிடித்துப் பழக்கமே இல்லாதவர்களும் செய்யலாம். ஒரு விடுமுறை நாளை ஒதுக்கினால் போதும்.

முதலில் பாருங்கள்

வண்ணத்தைத் திறக்கும் முன் இரண்டு படங்களைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கைபேசித் திரை போதாது. ஒன்று சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் ‘ஆப்பிள் கூடை’, 1893 வாக்கில் வரைந்தது. இன்னொன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள ‘ஆப்பிள்களும் ஆரஞ்சுகளும்’, 1899 வாக்கில் வரைந்தது. இரண்டையுமே அந்த அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் பார்க்கலாம்.

‘ஆப்பிள் கூடை’யில் ஒரே ஒரு பழத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் எத்தனை நிறங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். சிவப்பு என்று நினைத்த இடத்தில் மஞ்சள், பச்சை, கருஞ்சிவப்பு எல்லாம் தனித்தனித் திட்டுகளாக உட்கார்ந்திருக்கும். ஒன்றோடொன்று தேய்த்துக் கலந்திருக்காது. அடுத்து மேஜையின் முன் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைத் துணிக்கு இடப்பக்கம் ஒரு உயரத்தில் போகிறது, துணிக்கு வலப்பக்கம் வேறொரு உயரத்தில் வெளிவருகிறது. பாட்டில் சாய்ந்து நிற்கிறது. இதை இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

ஓர்சே படத்தில் வெள்ளைத் துணியை மட்டும் பாருங்கள். சுத்தமான வெள்ளை அதில் மிகக் குறைவு. நீலம், பச்சை சாய்ந்த சாம்பல், ஊதா, இளமஞ்சள், இவ்வளவும் சேர்ந்துதான் நமக்கு ‘வெள்ளைத் துணி’ என்று தோன்றுகிறது.

செசான், வான்கா, காகின் ஆகியோரின் படங்களை லண்டனில் 1910இல் ஒரே கண்காட்சியில் வைத்து, அவர்களுக்குப் ‘போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட்’ (இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களுக்குப் பின் வந்தவர்கள்) என்று பெயர் சூட்டியவர் ரோஜர் ஃப்ரை என்ற விமர்சகர். மூவரும் ஒரே மாதிரி வரைந்தவர்கள் இல்லை. ஆனால் மூவருக்கும் நிறம் என்பது கோட்டுக்குள் நிரப்பும் பொருளாக இருக்கவில்லை, படத்தைக் கட்டி எழுப்பும் பொருளாக இருந்தது. நான் செசானை முன்னால் வைப்பதற்குக் காரணம், அவரிடம் தொடங்கினால் மற்ற இருவரின் வேலையும் சுலபமாகப் புரியும்.

வாங்க வேண்டியவை

அக்ரிலிக் போதும். தைல வண்ணம் அழகுதான், ஆனால் காய நாட்கள் ஆகும், டர்பன்டைன் வாசனை வீட்டில் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஏழு டியூப்கள் வாங்குங்கள்: டைட்டானியம் வெள்ளை, லெமன் மஞ்சள், யெல்லோ ஆக்கர், வெர்மிலியன், கிரிம்சன், அல்ட்ராமரின் நீலம், விரிடியன் பச்சை. விரிடியன் கிடைக்காவிட்டால் நீலம் சாய்ந்த ஏதாவது ஒரு பச்சை.

கறுப்பு வாங்க வேண்டாம். செசானை 1904இல் நேரில் சந்தித்த எமில் பெர்னார் என்ற ஓவியர், அவருடைய வண்ணத் தட்டில் இருந்த நிறங்களை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். அந்தப் பட்டியலில் ஒரு கறுப்பும் இருக்கிறது. ஆனால் கறுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தொடங்குபவரின் கை நிழலுக்கு அதைத்தான் தேடும். மிக அடர்த்தியான நிறம் தேவைப்படும் இடத்தில் கிரிம்சனையும் விரிடியனையும் கலந்து பாருங்கள். கறுப்புக்கு மிக அருகில் வரும், ஆனால் உயிரோடு இருக்கும்.

பிரஷ் தட்டை முனையில், கொஞ்சம் விறைப்பான முடி உள்ளதாக மூன்று: ஒன்று அரை அங்குல அகலம், ஒன்று கால் அங்குலம், கோட்டுக்கு ஒரு சிறிய உருண்டை முனை. பத்துக்குப் பன்னிரண்டு அங்குல கேன்வாஸ் போர்டு ஒன்று. இதைவிடச் சிறியதில் திட்டுகள் வைக்க இடம் இருக்காது, பெரியதில் முதல் படத்தை முடிக்கப் பொறுமை இருக்காது. துடைக்கப் பழைய பருத்தித் துணி நிறைய எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திட்டுக்கும் பிரஷைத் துடைக்கப் போகிறீர்கள்.

பொருட்களை அடுக்குவது

பாதிப் படம் இங்கேயே முடிந்துவிடுகிறது. அவசரப்படாதீர்கள்.

செசான் பொருட்களை அடுக்கியதை நேரில் பார்த்த லூயி லு பாய் என்ற இளம் ஓவியர் அதை விவரித்திருக்கிறார். துணியை லேசாக மடித்துப் போட்டு, பழங்களை நிறத்துக்கு நிறம் எதிராக வருமாறு வைத்தாராம். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள். பழத்தைச் சாய்த்து, திருப்பி, தான் விரும்பிய கோணத்தில் நிற்கவைக்க அடியில் சில்லறைக் காசுகளைச் செருகினாராம். இதை நீங்களும் அப்படியே செய்யலாம். ஒரு ரூபாய் காசு இரண்டு போதும், ஆப்பிளின் காம்புக் குழி உங்களைப் பார்த்துத் திரும்பிவிடும்.

எதிரெதிர் நிறங்களை ஏன் பக்கத்தில் வைக்க வேண்டும்? பாரிசில் கோப்லன் திரைச்சீலைத் தொழிற்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் சரியாகக் கறுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாகக் காட்டுகின்றன என்று அவர் கண்டுபிடித்தார். ஒரு நிறம் பக்கத்து நிறத்தைத் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளுகிறது என்பதை 1839இல் பெரிய நூலாக வெளியிட்டார். செசான் பிறந்ததும் அதே ஆண்டில்தான். பிரெஞ்சு ஓவியர்கள் பலர் அதிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டார்கள். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை இருந்தால் இரண்டும் கூடுதல் பிரகாசமாகத் தெரியும். டியூபில் இருக்கும் வண்ணத்தால் செய்ய முடியாததை அடுக்கும் விதம் செய்துவிடுகிறது.

முதல் படத்துக்கு நான் பரிந்துரைப்பது: மூன்று ஆப்பிள், ஒரு எலுமிச்சை, ஒரு பச்சைப் பேரிக்காய் அல்லது கொய்யா, ஒரு வெள்ளை வேட்டித் துணி, பின்னால் சாயம் மங்கிய நீலத் துணி. ஆப்பிள் முழுச் சிவப்பாக இருக்க வேண்டாம், மஞ்சளும் சிவப்பும் கலந்ததாக எடுங்கள். மெழுகு பூசிய பளபளப்பான ஆப்பிளைத் தவிர்த்துவிடுங்கள். அதில் ஜன்னலின் வெள்ளைப் பிரதிபலிப்பு அடிக்கும், உங்கள் கண் அதிலேயே மாட்டிக்கொள்ளும். வேறு கிடைக்காவிட்டால் வெந்நீரில் கழுவித் துடைத்தால் பளபளப்பு குறையும்.

வெளிச்சம் ஒரே ஜன்னலிலிருந்து, ஒரே பக்கமாக வர வேண்டும். வெயில் நேரடியாக விழும் ஜன்னல் வேண்டாம், அரை மணியில் நிழல் நகர்ந்துவிடும். எக்ஸ் நகருக்கு வெளியே லே லோவ் என்ற இடத்தில் செசான் 1902இல் தனக்கென்று கட்டிய ஸ்டூடியோவில் வடக்கு நோக்கி ஒரு பெரிய ஜன்னல் வைத்திருந்தார். அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அவர் வரைந்த இஞ்சி ஜாடி, சுதையில் செய்த மன்மதன் சிலை, மண்டை ஓடுகள் எல்லாம் இன்றும் அங்கே இருக்கின்றன. நம் வீட்டிலும் வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதுவே சிறந்தது. மின்விளக்கை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறங்கள் குழம்பும்.

உட்காரும் உயரம் முக்கியம். பழங்களைச் சற்று மேலிருந்து பார்க்குமாறு உட்காருங்கள். அப்போது மேஜைப் பரப்பு அகலமாகத் தெரியும், பழங்கள் ஒன்றன் மேல் ஒன்று மறையாமல் தனித்தனி இடம் பிடிக்கும்.

செசான் மிக மெதுவாக வரைபவர். பழம் அழுகிப்போகும் அளவுக்கு மெதுவாக. பூ வாடிவிடுகிறது என்று காகிதப் பூக்களையும் பயன்படுத்தினார். ஓவிய வியாபாரி வொல்லார் தன் உருவப்படத்துக்காக 1899இல் அவர் முன் 115 முறை உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறார். தூங்கி அசைந்தபோது, ஆப்பிள் அசையுமா என்று திட்டு வாங்கினாராம். நமக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் ஒரே நாளில் முடியாவிட்டால் அடுத்த நாளும் அதே வெளிச்சம் வரும் நேரத்தில் உட்காருங்கள். நாள் கணக்கில் இழுக்கும் என்று தோன்றினால் ஆப்பிளுக்குப் பதில் மாதுளையும் வெங்காயமும் வையுங்கள். வெங்காயத்தைச் செசானும் வரைந்திருக்கிறார்.

கோடு

பென்சில் வேண்டாம். அல்ட்ராமரின் நீலத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, சிறிய பிரஷால் நேரடியாகக் கேன்வாஸில் வரையுங்கள். செசானும் நீலத்தால்தான் கோடு போட்டார். பென்சில் கோடு நம்மை விளிம்பைத் துல்லியமாக மூடச் சொல்லும். மூடிய பிறகு அதற்குள் நிறத்தை நிரப்பத்தான் தோன்றும், மறுபடியும் பள்ளிக்கூட ஆப்பிளுக்கே போய்விடுவோம்.

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். தோலின் புள்ளிகள், காம்பின் சுருக்கம் எல்லாம் மறைந்து பெரிய வடிவம் மட்டும் நிற்கும். இயற்கையை உருளை, கோளம், கூம்பு ஆகியவற்றின் வழியாகக் கையாளுங்கள் என்று செசான் 1904 ஏப்ரலில் பெர்னாருக்குக் கடிதம் எழுதினார். கேட்டவர்கள் பலர் அதை ஜியோமெட்ரி வரைவதாக எடுத்துக்கொண்டார்கள். அவருடைய படங்களைப் பார்த்தால் எந்தப் பழமும் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டமாக இல்லை. பழத்தின் பரப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று யோசிக்க உதவுவதற்காகச் சொன்னதாகத்தான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். ஆப்பிள் கோளமாக எல்லாப் பக்கமும் திரும்புகிறது. பாட்டில் உருளையாக இரண்டு பக்கம் மட்டும் திரும்புகிறது. பேரிக்காயில் கீழே கோளம், மேலே கூம்பு.

வடிவத்தை இப்படிச் சுருக்காவிட்டால் நிறத்துக்கு இடமே கிடைக்காது. ஒரு பழத்துக்கு ஏழெட்டுத் திட்டுகள்தான் வைக்கப் போகிறோம். அந்த ஏழெட்டும் பழம் திரும்புவதைச் சொல்ல வேண்டும். புள்ளிக்கும் சுருக்கத்துக்கும் திட்டுகளைச் செலவழித்தால் உருண்டை வராது.

கோட்டை ஒரே இழுப்பில் சரியாகப் போட வேண்டும் என்று பயப்படாதீர்கள். தவறிய இடத்தில் அழிக்காமல் பக்கத்தில் இன்னொரு கோடு போடுங்கள். செசானின் பழங்களைச் சுற்றி இரண்டு மூன்று நீலக் கோடுகள் ஓடுவதைப் பார்க்கலாம். அவை விளிம்பை அசைய வைக்கின்றன, பழத்தின் பின்பக்கமும் இருக்கிறது என்ற உணர்வைத் தருகின்றன.

ஒரு ஆப்பிள், ஏழு திட்டு

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வந்துவிட்டோம். இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு பிரஷை எடுங்கள்.

பள்ளி முறையில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று தேடித் தொடங்குவோம். இங்கே வேறு ஒரு இடத்தைத் தேட வேண்டும். 1904 ஜூலையில் பெர்னாருக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில் செசான் சொல்கிறார்: ஆரஞ்சிலும் ஆப்பிளிலும் பந்திலும் தலையிலும் ஒரு உச்சப் புள்ளி இருக்கிறது, அது எப்போதும் நம் கண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது. வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும் சரி, பழத்தின் எந்த இடம் உங்கள் மூக்குக்கு மிக அருகில் இருக்கிறதோ அதுதான் தொடக்கம். அங்கிருந்து எல்லாப் பக்கமும் பரப்பு விலகிப்போகிறது, நிறமும் மாறிக்கொண்டே போக வேண்டும்.

முன்னால் இருக்கும் ஆப்பிளை எடுத்துக்கொள்வோம். ஜன்னல் இடப்பக்கம்.

உச்சப் புள்ளியில் முதல் திட்டு. யெல்லோ ஆக்கரும் லெமன் மஞ்சளும் கலந்து, அதில் வெர்மிலியன் ஒரு துளி. ஆரஞ்சு சாய்ந்த மஞ்சள் வரும். அரை அங்குல பிரஷால் ஒரே அழுத்தில் வைத்து எடுங்கள். தேய்க்காதீர்கள்.

அதற்கு வலப்பக்கம், நிழலை நோக்கிப் போகும் வழியில், இரண்டாவது திட்டு: ஏறக்குறைய சுத்தமான வெர்மிலியன். மூன்றாவது: கிரிம்சன், கொஞ்சம் வெர்மிலியனோடு. நான்காவது: கிரிம்சனில் அல்ட்ராமரின், செவ்வூதா. ஐந்தாவது பழத்தின் வலது ஓரத்தில், துணியைத் தொடும் இடத்தில்: அல்ட்ராமரின், விரிடியன், வெள்ளை, அழுக்காகாத அளவுக்கு ஆக்கர். நீலம் சாய்ந்த ஒரு சாம்பல். சிவப்பு ஆப்பிளின் ஓரத்தில் நீலச் சாம்பலா என்று கை தயங்கும். உற்றுப் பாருங்கள், துணியிலிருந்து திரும்பி அடிக்கும் வெளிச்சம் அங்கே உண்மையில் அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

இப்போது இடப்பக்கம். புதிதாக வருபவர்கள் தவறவிடுவது இதைத்தான். வெளிச்சப் பக்கம் என்பதால் வெள்ளையைப் பூசிவிடுகிறார்கள். அந்தப் பக்க ஓரமும் நம்மை விட்டு விலகித்தான் போகிறது, அதனால் அங்கேயும் நிறம் குளிர வேண்டும், அதாவது பச்சை, நீலத்தின் பக்கம் சாய வேண்டும். ஆறாவது திட்டு லெமன் மஞ்சளில் விரிடியன் துளி, மஞ்சள் சாய்ந்த பச்சை. ஏழாவது ஓரத்தில், வெள்ளையில் விரிடியனும் நீலமும் மிகக் கொஞ்சம், வெளிறிய நீலப்பச்சை.

எழுந்து ஆறடி தள்ளி நின்று பாருங்கள். உருண்டை வந்திருக்கும். கறுப்பும் இல்லை, பென்சில் நிழலும் இல்லை.

வந்ததா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. கைபேசியில் படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுங்கள். நடுவில் உள்ள திட்டுகளுக்குள் அதிக வித்தியாசம் தெரியக் கூடாது. மஞ்சள் பளிச்சென்று வெள்ளையாகவும், ஊதா கறுப்பாகவும் தெரிந்தால் நீங்கள் இன்னும் கருமை வெண்மையை நம்பித்தான் உருட்டியிருக்கிறீர்கள். ஊதாவிலும் கிரிம்சனிலும் கொஞ்சம் வெள்ளை சேர்த்து மேலே இன்னொரு திட்டு வையுங்கள். ‘மாடல்’ செய்வது (கருமை வெண்மையால் உருட்டுவது) என்று சொல்லக் கூடாது, ‘மாடுலேட்’ செய்வது என்று சொல்ல வேண்டும் என்று செசான் கூறியதாகப் பெர்னார் எழுதியிருக்கிறார். இசையில் ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைக் குறிக்கும் சொல் அது. இந்தச் சோதனையில் தேறும் ஆப்பிள் அதைச் செய்துவிட்டது.

எலுமிச்சைக்கு வேறு சிக்கல். மஞ்சள் அடர்த்தியாகவே ஆகாது. அதில் நீலத்தைக் கலந்தால் பச்சையாகிவிடும். உச்சத்தில் லெமன் மஞ்சள், அடுத்து ஆக்கர், அடுத்து ஆக்கரில் விரிடியன் துளி, ஓரத்தில் நேராக ஊதாச் சாம்பலுக்குத் தாவுங்கள். மஞ்சளுக்கு ஊதா எதிர்நிறம் என்பதால் அந்தத் தாவல் கண்ணுக்கு உறுத்தாது. பேரிக்காயில் உச்சம் மஞ்சள், பிறகு பச்சை, பிறகு நீலப்பச்சை, ஓரத்தில் ஊதா. எங்காவது ஓரிடத்தில் வெர்மிலியன் கலந்த ஒரு சிறு திட்டு வைத்தால் பச்சை முழுதும் விழித்துக்கொள்ளும்.

திட்டு வைக்கும் ஒழுங்கு

ஒரு பழத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். மேலே ஆப்பிளைத் தனியாகச் சொன்னது புரிவதற்காக. வேலை செய்யும்போது ஒவ்வொரு நிறத்தைக் கலந்ததும் அது கேன்வாஸில் வேறு எங்கெல்லாம் வரும் என்று தேடுங்கள். ஆப்பிளின் ஊதா, துணி மடிப்பின் நிழலில் கொஞ்சம் வெள்ளையோடு வரும். பேரிக்காயின் பச்சை, பின்துணியில் நீலத்தோடு வரும். அப்படிப் பரவலாக வைத்துக்கொண்டே போனால் படம் முழுதும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும்.

திட்டுகளை ஒரே சாய்வில் வையுங்கள். வலது கைக்காரர்களுக்கு மேல் வலத்திலிருந்து கீழ் இடத்துக்கு வரும் சாய்வு இயல்பாக இருக்கும். பழமோ துணியோ சுவரோ, எல்லாவற்றிலும் அதே திசை. செசான் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றிய காலம் ஒன்று உண்டு; 1879–80இல் வரைந்த, இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள ‘பழத்தட்டோடு ஸ்டில் லைஃப்’ படத்தில் தெளிவாகப் பார்க்கலாம். காகின் அந்தப் படத்தைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்திருந்தார். வறுமையிலும் அதை நீண்ட காலம் விற்க மறுத்தார். 1890இல் அவர் வரைந்த ஒரு பெண்ணின் உருவப்படத்தில் பின்னணியாக அதே பழங்கள் இருக்கின்றன.

அக்ரிலிக் காயும்போது சற்று அடர்ந்துவிடும். கலக்கும்போதே நினைத்ததைவிட ஒரு படி வெளிறியதாகக் கலந்துகொள்ளுங்கள். திட்டுகளுக்கு நடுவில் கேன்வாஸ் தெரிந்தால் தெரியட்டும். அவசரமாக மூட வேண்டாம்.

துணி, விளிம்பு, பின்னணி

வெள்ளைத் துணியைக் கடைசியில் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், பழங்களோடு சேர்த்தே செய்யுங்கள். துணியை மலைத்தொடராக நினைத்துக்கொள்வது எனக்கு எப்போதும் உதவுகிறது: உச்சி, சரிவு, பள்ளம். உச்சியில் வெள்ளையில் ஆக்கர் துளி. வெளிச்சச் சரிவில் வெள்ளையில் நீலத் துளி. நிழல் சரிவில் ஊதாச் சாம்பல். பள்ளத்தில் பச்சைச் சாம்பல். சிவப்பு ஆப்பிள் பக்கத்தில் இருக்கும் மடிப்பில் கட்டாயம் கொஞ்சம் பச்சை. ஷெவ்ரல் சொன்னது அங்கே கண்ணெதிரே நடக்கும். டியூபிலிருந்து எடுத்த சுத்த வெள்ளையை ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

விளிம்புகளில் எங்கே கோடு வேண்டும், எங்கே வேண்டாம் என்பதற்கு எளிய விதி ஒன்று. இரண்டு ஆப்பிள் ஒரே நிறத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் நடுவில் அடர்நீலக் கோடு. ஆப்பிளுக்கும் பின்துணிக்கும் நிற வித்தியாசம் போதுமானால் கோடு வேண்டாம். நிழலில் பழமும் துணியும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டால், திட்டை விளிம்பைத் தாண்டித் துணிக்குள் போக விடுங்கள். அந்த இடத்தில் பழம் மேஜையோடு ஒட்டி உட்காரும்.

இனி அந்தக் கோணலான மேஜைக்கு வருவோம். செசானைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே பாட்டிலைச் சாய்த்து, மேஜையை உடைத்து வரைபவர்கள் நிறையப் பேர். அது செயற்கையாகவே தெரிகிறது. அவர் மாதக்கணக்கில், தலையை அசைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து, ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பக்கத்து நிறத்தோடு கணக்கைச் சரிபார்த்துக்கொண்டே போனார். விளிம்பு ஒரே நேர்கோட்டில் வருகிறதா என்பதைவிட அந்தப் பகுதி எடை தாங்குகிறதா என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது. லண்டன் கோர்ட்டால்ட் கலைக்கூடத்தில் உள்ள மன்மதன் சிலைப் படத்தில், அறையின் தூரத்து மூலையில் கிடக்கும் பச்சை ஆப்பிள் முன்னால் இருப்பதன் அளவுக்கே பெரிதாக இருக்கிறது. அந்த மூலைக்கு அவ்வளவு பச்சை தேவைப்பட்டது. நீங்கள் நேராக வரையத் தொடங்குங்கள். நடுவில் விளிம்பு கொஞ்சம் விலகி, படம் அதனால் நன்றாக இருந்தால் திருத்தாமல் விட்டுவிடுங்கள்.

பின்னணிச் சுவரைக் கடைசியில் ஒரே நிறத்தால் மூடிவிடாதீர்கள். பழங்களில் வந்த நீலமும் பச்சையும் ஊதாவும் அங்கேயும் பெரிய திட்டுகளாக, குறைந்த வீரியத்தில் வரட்டும்.

இன்னொரு பாதை: தட்டை நிறம்

நிறத்தைப் படிப்படியாக மாற்றுவது மனதுக்கு ஒத்துவராவிட்டால் காகினின் வழியைப் பாருங்கள். நியூயார்க்கில் உள்ள ‘மூன்று நாய்க்குட்டிகளோடு ஸ்டில் லைஃப்’ 1888இல் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் வரைந்தது. ஒவ்வொரு பொருளையும் அடர்நீலக் கோட்டால் சூழ்ந்து, உள்ளே தட்டையான நிறம். வடிவத்தைச் சுருக்குவதில் அவர் செசானையும் தாண்டிப் போய்விட்டார். உருண்டையே போய்விட்டது, அதற்குப் பதில் வடிவங்களின் அமைப்பு கிடைத்தது. செய்வதற்கு வேகமான முறை, ஆனால் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில் தவறினால் மறைக்க வழியில்லை.

அந்தத் தேர்வுக்கு வான்காவிடம் நல்ல உத்தி இருந்தது. ஒரு சிவப்பு அரக்குப் பெட்டியில் பல நிறக் கம்பளி நூல்களை உருண்டைகளாகச் சுற்றி வைத்திருந்தார். இரண்டு மூன்று நிற நூல்களைச் சேர்த்துச் சுற்றிப் பார்த்து, எது எதோடு பொருந்தும் என்று சோதித்தார். அந்தப் பெட்டி ஆம்ஸ்டர்டாமில் வான்கா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டில் எம்பிராய்டரி நூல் இருந்தால் இதை இன்றே செய்யலாம், வண்ணம் வீணாகாது. அதே அருங்காட்சியகத்தில் 1887இல் அவர் வரைந்த சீமை மாதுளை, எலுமிச்சை, பேரி, திராட்சைப் படம் இருக்கிறது. ஏறக்குறைய முழுக்க மஞ்சள். சட்டத்துக்கும் அவரே மஞ்சள் பூசினார். ஒரே நிறத்துக்குள் எத்தனை படிகள் இருக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சிக்கினால்

நிறம் சேறாகிவிட்டதா? மூன்று டியூபுக்கு மேல் கலந்திருப்பீர்கள், அல்லது பிரஷைத் துடைத்திருக்க மாட்டீர்கள். காய விட்டு, மேலே புதிய திட்டு வையுங்கள். படம் முழுதும் வெளிறிப்போனால் வெள்ளை அதிகம். வெளிச்சம் வேண்டிய இடத்தில் வெள்ளைக்குப் பதில் மஞ்சளைக் கொண்டுவந்து பாருங்கள். திட்டுகள் சிதறி, பழமாகவே தெரியவில்லை என்றால் பக்கத்துப் பக்கத்து நிறங்களுக்குள் தாவல் பெரிதாகிவிட்டது. நடுவில் ஒரு இடைநிறம் சேர்க்க வேண்டும்.

எப்போது நிறுத்துவது? அடுத்த திட்டு எந்த நிறம் என்று கண் சொல்லாதபோது. செசானின் பல படங்களில் வெற்றுக் கேன்வாஸ் அப்படியே இருக்கிறது. தெரியாத இடத்தை ஊகித்து நிரப்புவதைவிட அது நல்லது.

முதல் படம் காய்ந்ததும், பழங்களை அசைக்காமல், பின்னால் இருக்கும் நீலத் துணியை மட்டும் எடுத்துவிட்டு மஞ்சள் அல்லது பச்சைத் துணியை மாட்டி இரண்டாவது படத்தைத் தொடங்குங்கள். ஆப்பிள்கள் அதே ஆப்பிள்கள், வெளிச்சமும் அதே வெளிச்சம். முடித்ததும் இரண்டு படங்களையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்து, திட்டுக்குத் திட்டு ஒப்பிடுங்கள். ஓரங்களின் நிறங்களும் துணி மடிப்புகளும் மாறியிருக்க வேண்டும். பின்துணியை ஒட்டிய ஓரத்தில் ஏதாவது ஒரு திட்டு இரண்டு படத்திலும் அப்படியே இருந்தால், அதைப் பார்த்து வைக்கவில்லை, பழக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், பழத்தைப் பார்த்து, நிறத்தைப் புதிதாகக் கலந்து வையுங்கள்.